மூன்றாவது சட்டை

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "ஆஃபர் போட்டான்னு எங்கண்ணன்கிட்ட ராசி ஆய்ட்டேன்டி."

நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"இன்னாடி சொல்ற? வூட்டைப் பாகம் பிரிச்சதுல இருந்து நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லையே?"

"ஆமா. கிறிஸ்துமஸுக்கு எங்க வூட்டுக்காரருக்குச் சட்டை வாங்கலாம்னு ஆன்லைன்ல பாத்துகினு இருந்தேன். ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மான்னு போட்டிருந்தான். ஒண்ணு இவருக்கு, ஒண்ணு மாமனாருக்கு. மூணாவதுக்கு எவ்ளோ யோசிச்சும் சொந்தத்துல வேற ஆம்பளயே இல்ல."

"அதனால அண்ணனுக்கா?"

"சும்மா வர்றத வுட மனசு வருமா? அவன் வூட்டு அட்ரஸைப் போட்டு அனுப்பி வுட்டேன்."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாங்கிக்கினாரா?"

"நேத்து போன் பண்ணான். பேரைப் பாத்ததும் ஒரே ரிங்ல எடுத்துட்டேன். எப்டி கீறன்னு கூட கேக்கல. 'சட்டை டைட்டா கீது, கிறிஸ்துமஸுக்கு எடுத்தாறேன், மாத்திக் குடு'ன்னான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தோழி கேட்டாள்: "ஏன்டி, சும்மா குடுத்தத மாத்தித் தர மாட்டாங்களே?"

"தெரியும். அவன் வரட்டும். வந்து ஒரு வாய் சாப்ட்டு முடிக்கட்டும். அப்பால சொல்லிக்கலாம்."