ஆள் இல்லாத முந்நூற்று இருபது மணி நேரம்

— இல்லீங்க, மறுபடியும் பார்த்துட்டேன். முந்நூத்தி இருபது மணி நேரம்னுதான் காட்டுது. ஆளே போடாத வேலைக்கு எங்கேர்ந்து வந்துச்சு இவ்வளவு மணி நேரம்?

— பொறு பொறு. சத்தமா பேசு, இங்க பாலத்துக்கிட்ட ஜல்லி கொட்டிட்டிருக்கான். எந்த வேலை?

— கடைசி வரி. ஒப்படைப்பு ஃபைல். பாலம் முடிஞ்சதும் வரைபடத்தையெல்லாம் இங்க ஆஃபீஸ்ல உக்காந்து சரிபார்க்கணுமே, அது. மத்த இருநூறு வேலைக்கும் பேஸ்லைன்ல முட்டை முட்டையா இருக்கு. இதுக்கு மட்டும் முந்நூத்தி இருபது.

— அதாவது, அந்த ஷெட்யூல்ல நாம ஆளே போடறதில்லையே. தேதி மட்டும்தானே.

— அதைத்தான் மேனேஜர்கிட்டயும் சொன்னேன். "ஆள் இல்லாம யாரும்மா வேலை செய்யறது, பேயா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. மூணு மணிக்கு மீட்டிங், பதில் சொல்லியாகணும். நீங்க போட்ட ஷெட்யூல், நீங்களே சொல்லுங்க.

— நான் போட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. இப்ப அது உன் கையில இருக்கு.

— ரொம்பத்தான்! பொண்டாட்டிக்கு ஒரு உதவி பண்ணா குறைஞ்சா போயிடுவீங்க?

— பண்றேன், பண்றேன். அதாவது, பேஸ்லைன்ங்கறது ஆரம்பத்துல போட்ட பிளானோட நகல். நகல் எடுத்த அன்னிக்கு அந்த வேலையில ஒரு ஆள் பேர் இருந்திருக்கும். நாப்பது நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். அப்புறம் பேரை எடுத்துட்டா இன்னிக்குக் கணக்குல பூஜ்யமாயிடும். நகல் மட்டும் மாறாது, அப்படியே நிக்கும்.

— அப்ப யாரோ இருந்திருக்காங்க.

— இருந்திருக்கலாம்.

— யாரு?

— மீட்டிங்குக்கு அது எதுக்கு? "பழைய நகல் சார், புதுசா எடுத்தா சரியாயிடும்"னு சொல்லு. விட்டுடுவார்.

— எதுக்கு இப்ப மழுப்பறீங்க? குரலே சரியில்ல. யாரு பேருங்க அது?

— வேற யாரு. என்னோடதுதான்.

— உங்க பேரா?

— இங்க கிளம்பி வர்றதுக்கு மொத நாள் போட்டேன். பாலம் முடிஞ்சதும் நான்தான் ஆஃபீஸுக்குத் திரும்பி வந்து அந்த ஃபைலைச் செய்யணும்னு. மொத்த ஷெட்யூல்லயும் ஒரே ஒரு ஆள். அந்த வேலை ஆரம்பிச்சா நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு அர்த்தம்.

— அட கடவுளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— உன் கண்ணுல தானா படணும், நீ ஃபோன் பண்ணிக் கிண்டல் பண்ணணும்னு ஒரு ஆசை.

— ரெண்டு வருஷமா அலமாரியில உங்க பக்கத்தைக் காலியாவே வெச்சிருக்கேன். பொண்ணு அவ பையை வெச்சாக்கூட எடுத்து வெளிய போடறேன். தினம் நான் திறக்கற ஷெட்யூல்ல நீங்க இருந்திருக்கீங்க, எனக்குத் தெரியவே இல்ல பாருங்க. அப்புறம் ஏன் பேரை எடுத்தீங்க?

— நான் எடுக்கல. நீதான் எடுத்த.

— நானா? சும்மா சொல்லாதீங்க.

— மழை ஆரம்பிச்ச வாரம். நான் லீவுக்கு வரலைன்னு சண்டை போட்டோமே. "வந்தா வாங்க, வராட்டி அங்கயே இருங்க"ன்னு ஃபோனை வெச்சியே. மறுநாள் பார்க்கறேன், ஷெட்யூலோட ஆட்கள் பட்டியல்ல என் பேர் இல்ல.

— ஐயோ, அதுவா! பாலம் கட்டச் சொன்னவங்க ஷெட்யூலை அனுப்பச் சொன்னாங்க. உள்ள யார் பேரும் இருக்கக் கூடாதுன்னாங்க. நம்மகிட்டதான் ஆளே கிடையாதே, எதுக்கும் இருக்கட்டும்னு பட்டியலைத் திறந்தேன், மொத்தமா அழிச்சேன், மூடினேன். பஸ்ஸுக்கு ஓடற அவசரம். என்ன இருக்குன்னு கண்ணே போகல.

— இருந்ததே ஒரு வரிதான்.

— அந்த ஒரு வரியைத்தான் நான் படிக்கலைங்க! சத்தியமா. படிச்சிருந்தா அழிப்பேனா? எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்கன்னு தினம் ஃபோன் பண்ணி உங்க உயிரை வாங்கியிருப்பேன்.

— நான் அதை எத்தனை தடவை திறந்து திறந்து பார்த்தேன் தெரியுமா? தப்பா ஏதாவது தட்டியிருப்பா, திரும்பப் போட்டுடுவான்னு ஒரு வாரம் காத்துட்டிருந்தேன். அப்புறம், சரி, இவளுக்கு நாம வேண்டாம் போலிருக்குன்னு விட்டுட்டேன்.

— வாயை மூடுங்க. வேண்டாமாம்ல! தெருவுல வண்டி நின்னா இன்னும் வாசலுக்கு ஓடறேன், பொண்ணு கேலி பண்றா. எனக்கு நீங்க வேணுங்க. அவ்வளவுதான். காபி மிஷின்கிட்ட ரெண்டு பேர் நின்னு கேட்டுட்டிருக்காங்க, கேக்கட்டும். என்ன, அழறீங்களா?

— ஜல்லித் தூசி.

— தூசியாம். சரி, கேளுங்க. இப்பவே உங்க பேரைத் திரும்பப் போடறேன். மீட்டிங்ல தைரியமா சொல்றேன், அது பேய் இல்ல சார், என் வீட்டுக்காரர்னு. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி ஆரம்பம். பொண்ணுகிட்டயும் சாயந்திரம் சொல்லிடறேன், குதிப்பா. சரியா?

— பொண்ணுகிட்ட சொல்லிடாத. ஹெச்.ஆர்.லேர்ந்து திங்கக்கிழமை கூப்பிட்டாங்க. பாலம் முடிஞ்சதும் ஆஃபீஸ்ல உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா, இல்ல அடுத்த பாலத்துக்குப் போறீங்களான்னு கேட்டாங்க. கடைசியா ஒரு தடவை ஷெட்யூலைத் திறந்து என் பேர் இருக்கான்னு பார்த்துட்டு, அடுத்த பாலத்துக்கு மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்மா.