கை அளவு

செவந்தி: வளையல் வாங்கித் தாரேன்னு புதுக்கோட்டைக்குக் கூட்டியாந்துட்டு, இப்புடி இரும்புக் கடையில ஸ்டூல் போட்டு உக்கார வச்சா என்னங்க அர்த்தம்?

ரத்தினவேல்: இரும்புக் கடை இல்ல செவந்தி, டூல்ஸ் கடை. ஏசி ஓடுது பாரு. நம்ம பட்டறையில ஏசி இருக்கா?

செவந்தி: நம்ம பட்டறையில கஸ்டமர் வந்தாத்தான ஃபேனே ஓடுது.

தமிழ்செல்வன்: வாங்கண்ணே, வாங்கக்கா. நான் தமிழ்செல்வன், இங்க சேல்ஸ் பாக்குறேன். என்னண்ணே பாக்குறீங்க?

ரத்தினவேல்: கீரனூர்ல கார் பட்டறை தம்பி. ரத்தினவேலுன்னா திருச்சி ரோட்டுல யாரைக் கேட்டாலும்...

செவந்தி: யாருன்னு கேப்பாங்க. விசயத்தச் சொல்லுங்க.

ரத்தினவேல்: வீல் நட்டு கழட்ட, மாட்ட, பேட்டரியில ஓடுற கன்னு வேணும். ஒயரு, ஹோஸு எதுவும் தொங்கக் கூடாது.

தமிழ்செல்வன்: கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச். இத்தன நாளு எதுலண்ணே கழட்டுனீங்க?

ரத்தினவேல்: கையிலதான். கூட்டல் குறி மாதிரி ஒரு ஸ்பேனரு இருக்கும்ல... மாட்டிட்டு மேல ஏறி ஒரு மிதி. கழண்டுரும்.

செவந்தி: நட்டா, முட்டியான்னு கேளு தம்பி.

ரத்தினவேல்: நடுவுல ஒரு ஏர் கன்னும் வாங்குனேன். கம்ப்ரசர் சத்தத்துல எரும பால் சொரக்க மாட்டேங்குதுன்னு பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா சண்டைக்கு வந்துருச்சு. எரும ஜெயிச்சிருச்சு. வித்துட்டேன்.

தமிழ்செல்வன்: இது எருமைக்கு ஒண்ணும் பண்ணாதுண்ணே. இந்தா பாருங்க, நம்மகிட்ட உள்ளதுலயே பெருசு. ஆயிரம் நியூட்டன் மீட்டரு டார்க், அதான் முறுக்குற பலம். லாரி நட்டே கதறிக்கிட்டு வரும்.

ரத்தினவேல்: ஆங்... இது கன்னு! குடு இங்கிட்டு.

செவந்தி: லாரியா? நம்ம பட்டறைக்குக் கடைசியா லாரி வந்தது வழி கேக்கத்தான்.

தமிழ்செல்வன்: பேட்டரியோட மூணு கிலோவுக்கு மேல வரும்ணே. பாத்து... அண்ணே, பாத்து! விட்டுராதீங்க!

ரத்தினவேல்: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வழுக்குது. எண்ணெய் தடவி வச்சிருக்கியா தம்பி?

தமிழ்செல்வன்: இப்பத்தாண்ணே பெட்டியிலேருந்து எடுத்தேன்.

செவந்தி: ஏங்க... வலது கையி மரத்துருச்சா?

ரத்தினவேல்: மரக்கல. டீ குடிக்கல, அதான்.

செவந்தி: டாக்டரு என்ன சொன்னாரு?

ரத்தினவேல்: வயசாயிருச்சுன்னாரு.

செவந்தி: மணிக்கட்டுல நரம்பு அமுங்கிக் கெடக்கு, ஸ்பேனரப் புடிச்சு இழுக்காதீங்கன்னாரு. நானும் அங்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்.

ரத்தினவேல்: அவரு நீட்டிச் சொன்னாரு, நான் சுருக்கிச் சொன்னேன்.

செவந்தி: தம்பி, ஒங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு. இவரு கைக்கு அடங்குற மாதிரி ஒரு கன்னு இன்னைக்குக் கெடைச்சாத்தான் பட்டறை. கெடைக்கலன்னா திங்கக்கிழமை கதவப் பூட்டிட்டுத் திருச்சி பஸ்ஸு. எந்தம்பி அறிவுச்செல்வன் அங்க ஒரு கார் ஷோரூம்ல இருக்கான். இவருக்கும் ஒரு வேல சொல்லி வச்சிருக்கான்.

ரத்தினவேல்: சேர்ல உக்காந்து, வார வண்டிக்கெல்லாம் என்ன ரிப்பேருன்னு எழுதுற வேல. டை கட்டணுமாம்.

செவந்தி: டை கட்டத் தெரியுமா ஒங்களுக்கு?

ரத்தினவேல்: ஃபேன் பெல்ட்டே மாட்டுறேன், டை மாட்டத் தெரியாதா?

தமிழ்செல்வன்: இருவத்தஞ்சு வருசமா பட்டறை வச்சிருப்பீங்க போல. ஏண்ணே மூடுறீங்க?

ரத்தினவேல்: இருவத்தாறு. தம்பி, எஞ்சின் தப்பாப் போனா வண்டி நிக்கும். வீலு தப்பாப் போனா ஆளு நிக்க மாட்டான். எட்டு மாசத்துக்கு முன்னாடி கட்டுமாவடி மீன் வண்டி ஒண்ணு... அய்யப்பன்னு டிரைவரு. வீல கழட்டி மாட்டி அனுப்புனேன். மாத்தூர் தாண்டல, திரும்பி வந்துட்டாரு. அண்ணே, வீலு டக்கு டக்குங்குதுன்னாரு.

தமிழ்செல்வன்: ஐயையோ.

ரத்தினவேல்: ஐஸ் பெட்டி ஆடுற சத்தம்யான்னு சொல்லி அனுப்பத்தான் பாத்தேன். நல்லவேள, மனசு கேக்கல. குனிஞ்சு பாத்தா ரெண்டு நட்டு லூசு. நான் இறுக்குன நட்டு தம்பி. என் கையால.

செவந்தி: அத விடுங்க. அதுக்கப்புறம் ஒரு வண்டியாச்சும் அப்புடித் திரும்பி வந்துச்சா?

ரத்தினவேல்: வரல.

செவந்தி: அப்பறம் என்ன?

ரத்தினவேல்: அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு.

செவந்தி: என்ன ஆச்சரியம்... கவனமா இறுக்குறீங்க, வரல. தம்பி, நீ சின்னதா ஒண்ணு காட்டு.

தமிழ்செல்வன்: அண்ணே, நட்டு லூசாச்சான்னு பாக்க அடையாளம் எதும் போட மாட்டீங்களா?

ரத்தினவேல்: போடாம? இறுக்கி முடிச்சதும் நட்டுலேருந்து வீலு வரைக்கும் சாக்பீஸால ஒரு கோடு இழுத்துருவேன். நட்டு எந்தப் பக்கம் நகந்தாலும் கோடு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துரும். சாயங்காலம் முடிக்கிற வண்டிய மறுநா காலையிலதான் வந்து எடுப்பாங்க. எடுக்கும்போது கோட்டப் பாத்துட்டுத்தான் சாவியக் குடுப்பேன்.

செவந்தி: கோடு கெடக்கட்டும், கன்னப் பாருங்க.

தமிழ்செல்வன்: இந்தாங்கக்கா, சின்னது. பேட்டரியோட ஒன்ற கிலோதான். முந்நூறு நியூட்டன் மீட்டரு. காருக்கு இதே தாராளம். இதே பேட்டரிய டிரில்லுல மாட்டலாம், கிரைண்டர்ல மாட்டலாம்...

செவந்தி: கிரைண்டர்லயா? மாவு ஆட்டுற கிரைண்டரா?

தமிழ்செல்வன்: இல்லக்கா, இது இரும்பு அறுக்குறது...

ரத்தினவேல்: விடு தம்பி. அவளுக்குப் பட்டறை சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது.

செவந்தி: ஆமா, எனக்கென்ன தெரியும். நான் டீ கொண்டாந்து குடுக்குறதோட சரி.

ரத்தினவேல்: ம்.

செவந்தி: என்ன ம்?

ரத்தினவேல்: ம்முன்னா ம்முதான். தம்பி, இந்தக் கைப்புடி தடிமன் எப்புடி? கொஞ்சம் சின்னக் கையா இருந்தா வெரலு சுத்தி வருமா?

தமிழ்செல்வன்: நல்லா வரும்ணே. ஆனா ஒங்க கை சின்னக் கை இல்லையே...

ரத்தினவேல்: பொதுவாக் கேட்டேன். செவந்தி, நீ ஒருக்கா புடி.

செவந்தி: நான் எதுக்கு? நீங்க புடிங்க.

ரத்தினவேல்: நான் புடிச்சா எல்லாமே லேசாத்தான் தெரியும். இரும்புக் கை பாரு.

செவந்தி: அந்த இரும்பு இப்பத்தான மூணு கிலோவக் கீழ போடப் பாத்துச்சு.

ரத்தினவேல்: புடி செவந்தி. ஒரு அபிப்பிராயத்துக்குத்தான்.

தமிழ்செல்வன்: அக்கா, இங்கிட்டு வாங்க. டெஸ்ட் பண்ணத்தான் ஸ்டாண்டுல ஒரு வீலு மாட்டி வச்சிருக்கோம். அஞ்சு நட்டு. கையால முடுக்கிட்டு, கன்ன வச்சு இத அமுக்குங்க... கடைசி இறுக்கு மட்டும் ஸ்பேனர்ல... அக்கா? அக்கா, பயப்படாதீங்க, சத்தம் வரும்... அட!

ரத்தினவேல்: என்ன தம்பி அட?

தமிழ்செல்வன்: அக்கா வரிசையாப் போடலண்ணே. ஒண்ண விட்டு ஒண்ணு, எதுத்தாப்புல எதுத்தாப்புலன்னு நட்சத்திரம் மாதிரி போயிருக்காங்க. சரியான முறை! எங்க கடைக்கு வார பாதி மெக்கானிக்கு இப்புடிப் போட மாட்டாங்க. யாருக்கா சொல்லிக் குடுத்தா?

செவந்தி: யாரு சொல்லிக் குடுக்கணும்... டீ குடுக்கப் போறப்ப இவரு போடுறதப் பாத்திருக்கேன்ல. கண்ணால பாத்தா கையில வராதா?

ரத்தினவேல்: வரும், வரும். எனக்கு ஒன் ரசத்தக் கண்ணால பாத்தே வைக்க வந்துருச்சே.

செவந்தி: அந்த ரசத்தப் பத்திப் பேசாதீங்க.

தமிழ்செல்வன்: கடைசி இறுக்கும் ஸ்பேனர்ல கச்சிதமா வச்சுட்டீங்க. ஆனா என்னக்கா தேடுறீங்க? எதும் கீழ விழுந்துருச்சா?

செவந்தி: இல்ல தம்பி... சாக்பீஸு...

தமிழ்செல்வன்: சாக்பீஸா?

செவந்தி: சாவி! வீட்டுச் சாவின்னேன். இந்தா, பையில இருக்கு.

ரத்தினவேல்: இருக்கா?

செவந்தி: இருக்கு, இருக்கு.

ரத்தினவேல்: கனம் எப்புடி? கையி வலிக்குதா? மணிக்கட்டு?

செவந்தி: எனக்கு எதுக்குங்க வலிக்குது. ஒங்களுக்கு வலிக்காதா, அதச் சொல்லுங்க.

ரத்தினவேல்: நீ சொல்லு.

செவந்தி: நல்லாத்தான் இருக்கு. குழந்தையத் தூக்குன மாதிரி அடங்கி இருக்கு. ஆனா ரிவர்ஸ் சுவிட்சு கொஞ்சம் இறுக்கம்... கட்ட வெரல்ல தள்ளுனா போகுது.

ரத்தினவேல்: அப்ப இதான். பெருசு வேணாம்.

செவந்தி: அம்புட்டுச் சீக்கிரமா விட்டுட்டீங்க? ஆயிரம் நியூட்டன்னு கண்ணு மின்னுச்சே.

ரத்தினவேல்: லாரிக்காரன் வழி கேக்க வந்தா வாயாலயே சொல்லி அனுப்பிருவோம்.

தமிழ்செல்வன்: அண்ணே, கூடவே ஒரு டார்க் ரெஞ்சும் எடுத்துக்குங்க. கடைசி இறுக்குக்கு. அளவு செட் பண்ணி வச்சுட்டா, போதும்ங்கிற எடம் வந்ததும் டிக்குன்னு சொல்லிரும். பலத்த வச்சு அனுமானம் பண்ண வேண்டியதில்ல.

ரத்தினவேல்: போதும்ங்கிற எடத்துல டிக்குன்னு சொல்லுமா? வீட்டுக்கும் இப்புடி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்.

செவந்தி: நாந்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே. ஒங்க காதுலதான் விழல.

ரத்தினவேல்: அதையும் போடு தம்பி. பேட்டரி ரெண்டா குடு. ஒண்ணு ஓடுறப்ப ஒண்ணு சார்ஜ்ல கெடக்கட்டும்.

தமிழ்செல்வன்: சரிண்ணே. வாரண்டி பதியணும். பேரு சொல்லுங்க.

ரத்தினவேல்: செவந்தி.

செவந்தி: ஏங்க... பேரு கேக்குறாரு, என்னையக் கூப்புடுறீங்க?

ரத்தினவேல்: கூப்புடல. பேரத்தான் சொன்னேன். எழுது தம்பி... செவந்தி, கீரனூர். தொழிலுன்னு கேட்டிருந்தா மெக்கானிக்னு போடு.

தமிழ்செல்வன்: தொழிலுக்கு எடமே இல்லண்ணே இதுல.

ரத்தினவேல்: ஓரத்துல எழுது.

செவந்தி: வெளையாடாதீங்க. ஒங்க கைக்குத் தோதா இருக்கணும்னுதான நான் சின்னதக் கேட்டேன்...

ரத்தினவேல்: ஒன் கைக்குத் தோதா இருக்கணும்னுதான் நான் பெருச விட்டேன். வளையல் வாங்கித் தாரேன்னு சொன்னேன்ல? ஒன் கைய அளவு பாத்துத்தான வாங்கியிருக்கேன். சத்தம் மட்டும் வளையலவிடக் கொஞ்சம் கூட.

செவந்தி: அப்ப திங்கக்கிழமை... திருச்சி...

ரத்தினவேல்: ஒந்தம்பிக்குப் போன வெள்ளிக்கிழமையே போனப் போட்டு வரலன்னு சொல்லிட்டேன். பட்டறை இருக்கும். எங்க புடிக்கணும்னு நான் சொல்றேன், நீ புடி. எஞ்சின் சத்தம் கேக்க எங்காது இன்னும் நல்லாத்தான் இருக்கு.

செவந்தி: போன வெள்ளிக்கிழமையேவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல?

ரத்தினவேல்: நீ மட்டும் எட்டு மாசமா எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னியாக்கும்?

செவந்தி: நான் என்னத்த மறச்சேன்?

ரத்தினவேல்: எங்கையி மரத்துப் போன கை செவந்தி. சாயங்காலம் நான் இழுக்குற கோடு மண்புழு ஊருன மாதிரி இருக்கும். காலையில எந்திரிச்சுப் போயிப் பாத்தா, நாலு வீல்லயும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நிக்குது. மீன் வண்டி திரும்பி வந்த மறுநாள்லேருந்து... ஒரு நாளு தவறல.

செவந்தி: அந்த ஸ்டூல இங்கிட்டுத் தள்ளு தம்பி.

தமிழ்செல்வன்: அக்கா... தண்ணி கொண்டாரவா?

செவந்தி: வேணாம் தம்பி... விடியக்காலம் பட்டறை வாசல் தெளிக்கப் போறப்ப ஒவ்வொரு நட்டா இறுக்கி வச்சுருவேங்க. இறுக்குனா ஒங்க கோடு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். அத நீங்க பாத்தா ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான் அழிச்சிட்டு வேற போட்டேன். ஒங்கள மாதிரியே கோணலாப் போடணும்னு எத்தனையோ நாளு பாத்தேன்... எனக்கு வரலைங்க.