நீலம் விழாத தட்டு

— ...அதான் சொல்றேன், பேசாதீங்க மாமா. தாடை ஆடுது. தலையைத் தாங்கற கம்பியோட உயரத்தைச் சரி பண்ண வேணாமா?

— கழுத்தைக் குத்துது மாப்ள. ஃபோட்டோ எடுக்க உட்கார வச்சியா, தூக்குல போட உட்கார வச்சியா?

— நானா கூப்பிட்டேன்? நீங்களா வந்தீங்க.

— ஊரெல்லாம் என் மச்சினன்கிட்ட வந்து கண்ணாடியில படம் எடுத்துக்குது. அக்கா புருஷனுக்கு ஒண்ணு கிடையாதா?

— இத்தனை நாளும் கெஞ்சினேன். "பஸ் ஓட்டறவனுக்கு லைசன்ஸ் ஃபோட்டோ போதும்"னீங்க.

— ஆசைக்கு நேரம் காலம் உண்டா?

— சரி, சட்டைக் கையை எதுக்கு மடிக்கிறீங்க?

— புழுக்கம்.

— ஃபேன் ஓடுது.

— அது பாட்டுக்கு ஓடட்டும். கையை இப்படித் தொடை மேல வச்சுக்கறேன்... முன்கை படத்துல நல்லா விழுமா?

— விழும். முகத்தை விட்டுட்டுக் கையைப் பத்திக் கேட்கறவர் நீங்க ஒருத்தர்தான்.

— கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

— அதுல பச்சை குத்தியிருக்கே, அக்கா பேரு...

— அட, ஆமால்ல. அது வேற இருக்கு. அது... தெரியுமா படத்துல?

— தெரியாது. இந்த மருந்துக்கு நீலமும் வெள்ளையும் ஒண்ணு. நீல மையில குத்தினது தோலோட தோலா மறைஞ்சிடும்.

— அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே.

— தெரியாதா?

— சத்தியமா.

— சரி. கண்ணாடித் தட்டுல மருந்து ஊத்தறேன்.

— அப்பப்பா... என்னடா வாடை இது, ஆஸ்பத்திரி மாதிரி?

— மருந்துல கலந்த ஈதர். கதவைச் சாத்திட்டு இருட்டறைக்குப் போறேன், உள்ளேர்ந்தே பேசறேன்... கேட்குதா?

— கேட்குது. என்ன பண்றே?

— மருந்து பூசின கண்ணாடியை வெள்ளி உப்பு கரைச்ச தண்ணியில முக்கி வச்சிருக்கேன். வெளிய எடுத்துட்டா ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவிடணும். காஞ்சா குப்பைக்குத்தான். அதனால இப்பவே கேட்டுக்கறேன். சட்டைக் கையை இறக்கி விட்டுக்கறீங்களா?

— வேணாம் வேணாம். மடிச்சே இருக்கட்டும்.

— படம் யாருக்கு?

— யாருக்கு... சுவத்துல மாட்ட.

— அப்ப அம்மாவுக்கும் சேர்த்து ஒண்ணு எடுத்துடட்டுமா? மருமகன் படம் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கு.

— அத்தைக்கா? அத்தைக்கு... வேற ஒரு நாள். முழுக்கை சட்டையில.

— ம். வந்துட்டேன். தலையைக் கம்பியில சாய்ங்க. மூச்சு விடலாம், கண்ணைச் சிமிட்டலாம், அவ்வளவுதான். லென்ஸ் மூடியைக் கழட்டறேன்... ஒண்ணு... ரெண்டு...

— டேய், மூக்கு...

— மாமா!

— ...

— ...முடிஞ்சுது. மூக்கு அரிச்சா கொஞ்சம் பொறுக்க மாட்டீங்களா?

— அரிப்புக்கு மாமன் மச்சான்னு தெரியுமா?

— உதடு கலங்கித்தான் இருக்கும். இருங்க, கழுவிட்டு வரேன்... இந்தாங்க, இந்தத் தொட்டியையே பாருங்க. இப்ப வெறும் புகை மாதிரி இருக்கா? இந்த மருந்துல போட்டதும்...

— ஏய்... வருதுடா! முகம் வருது! என்னடா, நான் இவ்வளவு கறுப்பா?

— வெயில்ல வண்டி ஓட்டின கறுப்பு. தோலுக்கு அடியில இருக்கற வெயில் கறையைக்கூட இது விடாது, நீலத்தை மட்டும்தான் விட்டுடும். கையைப் பாருங்க.

— ஒண்ணுமே இல்ல.

— சொன்னேனே.

— ஒரு புள்ளிகூட இல்லடா. அவ பேரு அங்க இருந்த மாதிரியே இல்ல.

— இதுக்குத்தானே வந்தீங்க?

— என்னது?

— வாசல் கண்ணாடிப் பெட்டியில ஒரு கப்பல்காரர் படம் வச்சிருக்கேன். உடம்பு முழுக்கப் பச்சை குத்தினவர், படத்துல பச்சைக் குழந்தையாட்டம் இருப்பார். போன வாரம் அது முன்னாடி நின்னு உங்க கையைத் தடவிக்கிட்டிருந்தீங்க. நான் உள்ளேர்ந்து பார்த்தேன்.

— ...பார்த்தியா.

— பார்த்தேன்.

— அப்புறம் எதுக்குடா இத்தனை நேரம் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி...

— நீங்க மட்டும்?

— ...லேசர் வச்சு அழிக்கலாம்னாங்க மாப்ள. டாக்டர் வரைக்கும் போனேன். வரிசையில உட்கார்ந்தேன். என் பேரைக் கூப்பிட்டாங்க, எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன். உங்கக்கா சாகறதுக்கு முன்னாடி, பேச்சு நின்னப்புறம், இந்த எழுத்து மேலதான் விரலை ஓட்டிக்கிட்டே கிடந்தா. அதைப் போய் எப்படி...

— யாரு அழிக்கச் சொன்னா?

— யாரும் சொல்லல. அதான் கஷ்டமே. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

— சுத்தி வளைக்காதீங்க மாமா.

— நான்... இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா. உங்கக்கா போனதுலேர்ந்து எனக்கு உங்க வீட்டுச் சோறுதான். ஒரு நாள் உங்கம்மா எனக்கு முகம் சுளிச்சதில்ல. அந்த முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்ல? வாய் வரைக்கும் வரும், சோத்தோட சேர்த்து முழுங்கிடுவேன்.

— யாரு அவங்க?

— உனக்குத் தெரிஞ்சவங்கதான். உனக்குத் தட்டுக்குக் கண்ணாடி வெட்டிக் குடுப்பாங்களே...

— ம்.

— "ம்"னா? திட்டறதுன்னா திட்டித் தொலைடா.

— திட்டல. மேல சொல்லுங்க.

— அவங்க ஒரு படம் கேட்டாங்க. குடுத்தா அவங்க வீட்டுச் சுவத்துல மாட்டுவாங்க, தினம் கண்ணுல படும். என் கையில இருக்கறதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. சுவத்துலயாவது அவங்க கண்ணை உறுத்தாம இருக்கட்டுமேன்னு... அவ்வளவுதான்.

— சரி. கையை நீட்டுங்க.

— என்னடா இது?

— உதட்டுக்குப் போடற சிவப்புப் பென்சில். நீலம் வெள்ளையா விழும், சிவப்பு கறுப்பா விழும். எழுத்து மேலேயே இழுக்கப் போறேன். இன்னொரு தட்டு எடுக்கறோம்.

— இவ்வளவு சொன்னப்புறமுமா? உனக்கு உங்கக்கா மேல பாசம் இருக்கும்டா, இல்லைங்கல. அதுக்காக அவங்க மனசு என்ன பாடு படும்னு யோசிக்க வேணாமா?

— அவங்க கேட்டுத்தான் இழுக்கறேன் மாமா. முந்தாநாள் கண்ணாடி கொண்டு வந்தப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அம்மாகிட்டயும் நேரா போய்ப் பேசிட்டாங்க. "இதுல நீலம் விழாதே, அக்கா பேரு மறையாம எடுத்துக் குடுக்க முடியுமா"ன்னு என்னைக் கேட்டாங்க. நீங்களா வாயைத் திறக்கட்டும்னுதான் முதல் தட்டைப் பேசாம எடுத்தேன். எழுத்து இடம் வலம் மாறி விழுமில்லையா, அதனால கண்ணாடியைத் திருப்பி வச்சு சட்டம் போடச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வர்றவங்க படிச்சா பேரு நேரா இருக்கணுமாம்.