கண்டேன் என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி தூக்கலாகத்தான் போடுவோம், மிஸ். வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். என் தம்பி வீரகத்தி, "அக்கா, இது தேத்தண்ணியா, பாணியா?" என்று கேட்பான். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். மருந்துக் குளிசைத் தூள் கைக்கும் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

நீங்கள் கிளினிக்கிலிருந்து வந்திருக்கிறீர்கள். உசாந்திக்கு மருந்து எப்போது நின்றது என்று கேட்கிறீர்கள். நேரான கேள்வி, நேராகவே சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், பின்னறைக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன். சரி, நடந்துகொண்டுதான் இருக்கிறாள். நடந்தால் பரவாயில்லை. நடை நின்றால்தான் எனக்குப் பயம்.

உசாந்தி என் மூத்தவள். இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. தம்பிக்குக்கூடச் சொல்லாமல் வெளியூரில் கொண்டுபோய் வைத்துக் குணமாக்கினோம். குணமானதும் குளிசை வேண்டாம் என்றாள். நிறுத்தக்கூடாது என்றார் டொக்டர். நான் இரண்டு பேரையும் பகைக்கவில்லை. அவளிடம் சரி என்றேன். கரண்டியின் முதுகால் குளிசையை நுணுக்கித் தேத்தண்ணீரில் கலந்தேன். மாதாமாதம் கிளினிக்கில் நின்று, மகளுக்கு வரமுடியாது என்று சொல்லி வாங்கி வந்ததும் நான்தான். பெற்றவள் செய்யாமல் வேறு யார் செய்வது?

அவளைக் கட்டிய கிருஷாந்துக்கும் சொல்லவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பையன், வயரிங் வேலை. நாவற்குடாவில் இந்த வீடு உசாந்தியின் சீதனம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருந்தான், அடுப்படி என் கையில் இருந்தது. ஆறு வருடம் ஒரு பிசகும் இல்லை. இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

பிறகு நாட்டில் டொலர் முடிந்துபோன அந்த வருடம் வந்தது. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மாவுக்கு வரிசை. குளிசைக்கு வரிசைகூட இல்லை, ஏனென்றால் குளிசையே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமைக்குத் தந்தார்கள். அதற்கடுத்து வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். பஸ் ஓடாத நாட்களில் கல்லடிப் பாலத்தை நடந்தே கடந்து, டவுனில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் போனேன். "கொழும்பிலயே இல்லயாம் அம்மா. அடுத்த கிழமை வந்து பாருங்க" என்பார்கள். அடுத்த கிழமையும் அதே பேச்சு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அலைந்தேன். இருந்த குளிசையைப் பாதியாக்கினேன், பாதியைக் காலாக்கினேன். கடைசியில் வெறும் சீனி போட்டுக் கொடுத்தேன்.

மன்னிக்கவேண்டும், என்னால் ஒரே இடத்தில் இருக்க முடியாது. நின்றுகொண்டே சொல்கிறேன்.

உசாந்திக்கு நித்திரை போனது. அடுப்படிக்கும் கேற்றுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தாள். கோப்பையை மணந்து பார்த்தாள். "இதுக்குள்ள என்னமோ கிடக்கு. இவர்தான் போடுறார்" என்று கிருஷாந்தைக் காட்டினாள். யோசித்துப் பாருங்கள், மிஸ். புத்தி தடுமாறியவள் என்கிறோம். அவள் சொன்னதில் பாதி உண்மை. வருடக்கணக்காக அதற்குள் என்னவோ கிடந்ததுதான். ஆளில்தான் பிழை.

கிருஷாந் நல்லவன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. "மாமி, நாளைக்கு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவம்" என்றான். "கொஞ்சம் பொறுங்க மகன்" என்றேன். இளையவள் கலாஜினிக்குக் கல்லடியில் சம்பந்தம் பேசி முடிகிற நேரம் அது. வாத்திமார் குடும்பம். மூத்தவளை அந்த வார்ட்டில் சேர்த்தால் அன்றைக்கே பாலத்தடிவரை செய்தி போய்விடும். மருமகன் கூடாதவன் என்பது வீட்டுக்கு வீடு உள்ள கதை. கேட்டவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். அக்காவுக்குச் சித்தம் பிசகு என்றால் தங்கையை எவன் கட்டுவான்?

கிருஷாந் பொறுக்கமாட்டேன் என்றான். காலையில் ஓட்டோ வரும் என்றான்.

அன்று பின்னேரம் வீரகத்தி தன் மகன்மாரோடு வந்தான். உசாந்தி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "மாமா, இவர் எனக்கு நஞ்சு தாறார்" என்று அழுதாள். தாய்மாமன் சொல்தான் எங்கள் குடும்பத்தில் கடைசிச் சொல். அவன் கிருஷாந்திடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க கண்டீங்களா?"

"ஓம், கண்டன். தூள் மாதிரி ஒண்டு கலக்கினார்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவில்லை. மற்றதை அவர்கள் செய்தார்கள். கிருஷாந்தின் உதடு கிழிந்தது, இடது கை முறிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கேற்றைத் தாண்டும்போது, "அவளத் தனிய விட்டுடாதீங்க மாமி" என்றான். நான் தலையாட்டினேன். சொன்ன சொல் தவறவும் இல்லை. அன்றிலிருந்து பின்னறையில் அவளோடுதான் படுக்கிறேன்.

கலாஜினியின் கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. உசாந்தி எங்கே என்றவர்களிடம், புருஷன் செய்த வேலையால் முகம் காட்ட வெட்கப்படுகிறாள் என்றேன். சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்து, "இப்பிடி ஒரு மருமகன் வாய்ச்சா நீங்க என்ன செய்யிற?" என்று கண் கலங்கினார். எனக்கும் கண் கலங்கியது. பொய்யாக இல்லை, மிஸ்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் இன்ஷாப் வந்தான். காத்தான்குடிப் பையன். கிருஷாந்தோடு வயரிங் பழகியவன், இப்போது கட்டாரில் வேலை, லீவில் வந்திருந்தான். இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஒரு பையை நீட்டினான். உள்ளே அதே குளிசை, ஒரு வருடத்துக்குப் போதும்.

"கிருஷாந் சொல்லித்தான் அங்க டொக்டர் ஒராளப் புடிச்சு எடுத்தன், மாமி. அவன்ட போன் வேலை செய்யுதில்ல" என்றான். போகப்போனவன் திரும்பி நின்றான். "அவனுக்குக் கலியாணம் முடிச்ச வருசமே தெரியும். நீங்க கலக்குறதையும் கண்டிருக்கான். மாமி வெக்கப்படுவா, ஒண்டும் கேட்டுடாத எண்டு எனக்கும் சொன்னவன். நான்தான் வாய் பொறுக்காமச் சொல்லிட்டன்."

அழுகை வந்திருக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருடம் எல்லாம் தெரிந்துகொண்டு, என் முன்னால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்திருக்கிறான். என்னை என் வீட்டிலேயே மடைச்சியாக்கியிருக்கிறான்.

பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். குளிசை கொடுத்தால் உசாந்தி தெளிந்துவிடுவாள். தெளிந்தால் முதலில் புருஷனைத்தான் தேடுவாள். அவர் ஒன்றும் செய்யவில்லை மாமா என்பாள். அப்போது வீரகத்தி திரும்பவும் என் முகத்தைப் பார்ப்பான். முறிந்த கைக்கு யார் பதில் சொல்வது? கல்லடி வீட்டில் கலாஜினி எந்த முகத்தோடு இருப்பாள்? ஒருத்தி ஏற்கெனவே கெட்டுப்போனாள். இரண்டு பேரையும் கெடுக்கச் சொல்கிறீர்களா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் வாவி. கண்டல் மரங்களின் மறைவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன். குளிசையை அட்டையோடு எறிந்தால் மிதக்கும். அதனால் ஒவ்வொரு குளிசையாக அமுக்கி எடுத்துப் போட்டேன். பெருவிரல் கன்றிப்போனது. பொரி என்று நினைத்து மீன்குஞ்சுகள் வந்தன, முட்டிப் பார்த்துவிட்டுப் போயின. யாரோ வருகிற மாதிரியே இருந்தது, திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வெறும் அட்டைகளை அடுப்பில் போட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நாட்டில் மருந்து இல்லாமல் போனது உண்மை. அது சில மாதம். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தது, பாமசிகளுக்கு வந்தது, எல்லாவற்றுக்கும் முதல் என் வாசலுக்கு வந்தது. உசாந்திக்கு மருந்தை நிறுத்தியது நான். விசயம் தெரிந்து கேட்டவர்களிடமெல்லாம் மருந்துத் தட்டுப்பாடு என்று சொன்னதும் நான். எல்லாரும் நம்பினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

உங்களை இங்கே அனுப்பியது கிருஷாந் என்று தெரியும். வெளியே உங்கள் ஓட்டோவுக்குள் அவன் இருப்பதும் தெரிகிறது. கை இன்னும் நேராகவில்லை போலிருக்கிறது. அவன் உள்ளே வரவேண்டாம். அவளை நீங்கள் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், புது முகம் கண்டால் சுவரில் தலையை மோதுவாள். அவள் இந்த உலகத்தில் நம்புவது என் ஒருத்தியைத்தான். நான் ஊட்டினால் மட்டும்தான் வாய் திறக்கிறாள்.

உங்கள் பைக்குள் இருக்கிற குளிசைகளை என்னிடம் தந்துவிட்டுப் போங்கள், மிஸ். நான் கொடுக்கிறேன்.