மிதந்த சாம்பல்

"சாம்பலு தண்ணியில மெதக்குது, பாருக்கா."

விருத்தாசலம் போகும் காலை பஸ்ஸில் எனக்குத் தூக்கம் கலைந்தது. முன் சீட்டில் செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். சின்னவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலின் மேல்மட்டத்தில் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது.

"மெதந்தா நல்ல சரக்குதானடி? லேசா வர வேண்டிய சூளைக் கல்லு கனமா வந்ததுக்கு, சாம்ப மூட்டைதான் மோசம்னாரே மொதலாளி?"

"மூட்டையில ஒண்ணும் கொறையில்லக்கா. நான்தான் களிமண்ணோட சேத்து மில்லுல அரைச்சிட்டேன். இந்தச் சாம்பலு பூரா பொடிப் பொடி உருண்டைங்களாம், உள்ள வெறும் காத்தாம். கடைசியில கையாலதான் கலக்கணுமாம். அரைச்சா ஒடைஞ்சிடுமாம்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. மூட்டை குடுத்த அண்ணன இன்னிக்கி வரச் சொல்லியிருக்காங்க. இனிமே அவர்கிட்ட வாங்க மாட்டாங்களாம். மொதலாளிகிட்ட இதக் காட்டி சொல்லிடவாக்கா?"

"சொன்னா உன்ன வேலைய வுட்டு அனுப்பிடுவாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்க."

மூத்தவள் பாட்டிலைப் பிடுங்கி, தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சின்னவள் தடுக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் சின்னவளைப் பார்த்ததும் அருகே வந்து குனிந்தார்.

"உங்க கம்பெனிக்குத்தாம்மா வரேன். அனல்மின் நிலையத்து சாம்பக் குளத்துல மெதக்கறத மட்டுந்தான் அள்ளிக் காய வச்சேன். என் மூட்டையில என்ன கொறைன்னு உனக்காவது தெரியுமா?"

காலிப் பாட்டிலை மூடிக்கொண்டே சின்னவள் சொன்னாள்:

"தெரியலைங்கண்ணே."