மூணு வரியில முதல் வரி

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேல போறேன்... கொஞ்சம் அமைதியா கேளுங்க.

ஒரு ஆஸ்பத்திரி. அங்க ரத்த வங்கி. மத்தியான நேரம்... பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. அவ புருஷன் கவுன்டர்ல வந்து நிக்கிறான். "அக்கா, சீக்கிரம் அக்கா..." பி நெகடிவ். இருக்கிறதே ரெண்டு பை!

அங்க வேலை பாக்குற செண்பகவல்லி ஒரு பையை எடுத்து, கம்ப்யூட்டர்ல நம்பரைப் போடுறாங்க. போகல. சிவப்புல மூணு வரி வருது, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு காவல்காரன் வச்சிருக்காங்க. ட்ரிக்கர்னு பேரு. பை வெளிய போறப்போ தானா சோதிச்சுப் பாக்கும். சரியில்லன்னா விடாது.

கம்ப்யூட்டர் பாக்குற ஜெபராஜுக்கு போன் போகுது.

"தம்பி, எரர் வருது."

"கடைசி நம்பர் என்னக்கா?"

"4088."

"அட, அதுவா! ட்ரிக்கர் ஃபெயில். அடிக்கடி வர்றதுதான். அதை நிறுத்திடுறேன், நீங்க பையைக் குடுத்துருங்க. அப்புறம் போட்டுக்கலாம்."

இதுதாங்க அங்க பழக்கம்! கடைசி நம்பரை மட்டும் கேக்குறது... காவல்காரனை உக்கார வைக்கிறது.

அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "தம்பி... நிறுத்தாத. மூணு வரி இருக்கு. கடைசி வரி, தடுத்துட்டேன்னுதான் சொல்லுது. ஏன் தடுத்தேன்னு முதல் வரியில இருக்கு. இரு, படிக்கிறேன்... 20017. கிருமிப் பரிசோதனை முடிவு பதியவில்லை."

ஜெபராஜ் நிறுத்தல.

முடிவு வராத பை, தப்பா, சோதிச்ச பைகளை வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள்ள வந்திருக்கு! அந்தம்மா ரெண்டாவது பையோட நம்பரைப் போட்டாங்க. தடையில்லாமப் போச்சு. பொண்ணு பிழைச்சா. சாயங்காலம் முதல் பையோட முடிவு வந்துச்சு... அதுல மஞ்சள் காமாலைக் கிருமி.

கதை இதோட முடியலங்க. ஜெபராஜ் உக்காந்து பழசையெல்லாம் எடுத்துப் பாத்தான். ஆறு மாசத்துல பதினோரு தடவை நிறுத்தியிருக்கான். பதினோரு பை... பதினோரு ஆளு. ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினான். "ஐயா, ஒரு தடவை ரத்தம் சோதிச்சுக்கோங்க"ன்னு கையைக் கூப்பிக்கிட்டு நின்னான். பத்துப் பேருக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கு... இருந்துச்சு. அவன் கெட்டவனா? இல்லங்க. அவசரக்காரன். நம்மள மாதிரிதான்.

எதுக்கு இதைச் சொல்றேன்? பத்தாவது படிக்கிற உங்க பொண்ணு சொல்றா, "இனிமே அந்த ட்யூஷனுக்குப் போக மாட்டேன்." நீங்க என்ன சொல்றீங்க? "திமிரு! வாய மூடிட்டுப் போ!" அவளும் மூடிட்டுப் போறா. வீடு அமைதியாயிடுது. நீங்க ஜெயிச்சுட்டதா நினைக்கிறீங்க... ஜெயிச்சீங்களா?

மாட்டேன்னு ஒரு உயிர் சொன்னா, அதுக்கு மேல முதல் வரியா ஒரு காரணம் இருக்கும்யா. அதை நாம படிக்கல. நானும் படிக்காம விட்டிருக்கேன், ஒத்துக்கிறேன்.

இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. அவ பக்கத்துல உக்காருங்க. "ஏம்மா?"ன்னு கேளுங்க... கேட்டுட்டு, அவ அழுது முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காதீங்க.