எதிர் கிளினிக்கும் ஏழு நாட்டுக் கோர்ட்டும்

இது நியாயமா, நீங்களே சொல்லுங்க சார்! நம்ம நாட்டுச் சட்டம், நம்ம பார்லிமெண்ட்ல கை தூக்கிப் பாஸ் பண்ணின சட்டம்... அதை நம்ம ஜட்ஜம்மாவே 'இது இங்க செல்லாது'ன்னு ஓரமா வச்சுட்டாங்க! வாயை இன்னும் கொஞ்சம் பெரிசா... ஆங், அப்படியே இருங்க. நீங்க பேச வேணாம், நான் பேசிக்கறேன்.

ஜன்னல் வழியா ஒரு பச்சை போர்டு தெரியுதா? தலையைத் திருப்பாதீங்க, கண்ணை மட்டும். பல் டாக்டர் அம்மா. பக்கத்து நாட்டுல படிச்சவங்க. ஊர்ல வேற தெருவே இல்லாத மாதிரி எனக்கு எதிர்லயே வந்து கடை விரிச்சாச்சு. நம்ம சட்டம் என்ன சொல்லுது? வெளிநாட்டுல படிச்சவங்க இங்க அஞ்சு பேப்பர் பரீட்சை எழுதணும், அதுவரைக்கும் ஒரு பல்லைத் தொடக்கூடாது. இதைவிடத் தெளிவா எழுத முடியுமா? பல் டாக்டர் கவுன்சிலுக்குப் புகார் போச்சு, அவங்களும் வந்து கதவுக்கு சீல் வச்சாங்க. துப்புங்க... அந்தத் தொட்டியில.

அந்தம்மா சும்மா இருந்தாங்களா? கோர்ட்டுக்குப் போனாங்க. 'நம்ம ஏழு நாடும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கோம், ஒரு நாட்டுப் பட்டம் ஏழு நாட்டுலயும் செல்லும்னு பொது விதி இருக்கு'ன்னாங்க. இருக்கட்டுமே! நம்ம பார்லிமெண்ட் அதைத் தனியா பாஸ் பண்ணலையே? எங்க சங்க வக்கீலைக் கேட்டேன். பொது விதியில ரெண்டு வகையாம். சிலது, 'இது நடக்கணும், எப்படின்னு நீங்களே சட்டம் போட்டுக்குங்க'ன்னு நம்மகிட்ட விட்டுடுவாங்களாம். சிலது வந்த அன்னிக்கே நேரா நம்ம சட்டமாயிடுமாம். இது ரெண்டாவதாம். எனக்குன்னு பார்த்து ரெண்டாவது!

ஜட்ஜம்மாவாவது பட்டுன்னு தீர்ப்பு சொன்னாங்களா? கேஸை நிறுத்தி வச்சுட்டு, ஏழு நாட்டுக்கும் பொதுவான பெரிய கோர்ட்டுக்குக் கேள்வி எழுதி அனுப்பினாங்க, 'இந்த விதிக்கு என்ன அர்த்தம்?'னு. பதில் வர ஒண்ணரை வருஷம்! 'ரெண்டும் முட்டிக்கிட்டா பொது விதிதான் மேல. உங்க பார்லிமெண்ட் மாத்தட்டும்னு காத்திருக்காதீங்க, நீங்களே ஒதுக்கி வைங்க'ன்னு வந்துச்சு. முகத்தைச் சுளிக்காதீங்க சார், நான் இன்னும் மெஷினையே எடுக்கலை.

அப்ப நம்ம நாட்டோட மானம் மரியாதைன்னு கேட்டா வக்கீல் சிரிக்கறார். 'அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் பொதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, என் மாடியில மட்டும் நிக்கக்கூடாதுன்னா எப்படி? உங்க வீட்டுக்குள்ள என்ன பெயிண்ட்டுன்னு யாரும் கேக்கலையே'ங்கறார். நாமளா விட்டுக்குடுத்த விஷயத்துல மட்டும்தான் அவங்க தலையிட முடியுமாம். பல்லை யார் விட்டுக்குடுக்கச் சொன்னது?

பேப்பர்ல அந்தம்மா போட்டோ வேற. வந்த புதுசுல ஈ ஓட்டிக்கிட்டிருந்தாங்க சார்! இப்ப வாசல்ல க்யூ நிக்குது. என் பேஷண்ட்ல பாதிப் பேர் அங்கதான்.

என்ன பார்க்கறீங்க? புகார் குடுத்தது யாருன்னா? ...நான்தான். பல் டாக்டர் சங்கச் செயலாளர்ங்கற முறையில. சொந்தப் பகையெல்லாம் இல்ல. அந்தம்மா காலேஜ்ல எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர்.

ஆமா... அதே காலேஜ்தான். இங்க சீட் கிடைக்கலை, என்ன பண்றது? அந்தப் பொது விதியைக் காட்டித்தான் நானும் பதிவு வாங்கினேன். பரீட்சைச் சட்டமெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. அந்தச் சட்டம் வேணும்னு சங்கத்துல தீர்மானம் போட்டதே நான்தான். இனிமே வர்றவங்களுக்குத்தானேன்னு முழுசாப் படிக்கலை. 'ஏற்கெனவே தொழில் செய்யறவங்களும் எழுதணும்'னு உள்ள ஒரு வரி இருந்திருக்கு.

தீர்ப்பு அன்னிக்கு, தோத்துட்டோமேன்னு கோர்ட் வராண்டாவுல அப்படியே உக்காந்துட்டேன். வக்கீல் ஓடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கறார். "ஜெயிச்சிருந்தா அடுத்த சீல் உங்க கதவுக்குத்தான் சார்!" அப்புறம்தான் அந்தச் சட்டத்தை முழுசாப் படிச்சேன்.

அட, எங்க எழுந்திரிக்கறீங்க? பயப்படாதீங்க, உக்காருங்க. சார், செருப்பு... சார்! அந்தப் பக்கமா போறீங்க? நான் பரீட்சை எழுதலைதான்... அந்தம்மாவும்தான் சார் எழுதலை!